குயவருக்கும் குளத்தில் பங்கு உண்டு

பொங்கலுக்கு ஒரு புதுப்பானை, மீன் குழம்புக்கு ஒரு சட்டி, கோடையில் தண்ணீருக்கு ஒரு பானை. குயவருக்கும் விவசாயிக்கும் உள்ள உறவு இப்போது இவ்வளவுதான். முன்பெல்லாம் களத்தில் நெல் அளக்கும்போதே குயவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்படும். ஆண்டு முழுவதும் வீட்டுக்கு வேண்டிய பானை, சட்டி, கலயம், மூடி எல்லாம் அதில் அடக்கம். அலுமினியமும் எவர்சில்வரும் வந்தபின் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. உடையாத பாத்திரத்தை யார்தான் விரும்பமாட்டார்கள்?

ஆனால் சில ஊர்களில் இப்போது நடப்பது வேறு. குளம் வற்றியதும் களிமண் வெட்ட வரும் குயவரை விவசாயிகளே மறிக்கிறார்கள். பள்ளம் விழும், தண்ணீர் நிற்காது என்பது அவர்கள் வாதம். இந்த அச்சம் முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். அடியில் இருக்கும் களிதான் குளத்துத் தண்ணீரைத் தாங்குகிறது. ஒரே இடத்தில் மணல் தெரியும்வரை தோண்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டியோ மடையை ஒட்டியோ வெட்டினால் கரைக்கே ஆபத்து. ஆனால் அப்படித் தோண்டுகிறவர் யார்? பொக்லைன் வைத்து இரவோடு இரவாக லாரியில் ஏற்றுகிறவர்தானே! அவரைக் கேட்கத் துணியாமல் குயவரை மறிப்பது என்ன நியாயம்?

கணக்கையும் பார்ப்போம். ஏரி, குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்க, தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024ஆம் ஆண்டு தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்பது அளவு. அதாவது ஒரு குயவர் எடுக்கும் மண், நமது ஒரு ஏக்கர் வயலுக்கு நாம் எடுக்கும் மண்ணைவிடக் குறைவு. நமக்கு வேண்டியது மேலே படிந்த வண்டல். அவருக்கு வேண்டியது பிசுபிசுப்பான களி. ஆழம் போகாமல் பரவலாக வெட்டினால் இருவருக்கும் சண்டைக்கு இடமில்லை.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். மின்சாரத் திருவையும் சில இடங்களில் கொடுக்கிறார்கள். திருவை சுற்றும், மண்ணுக்கு எங்கே போவது?

மண் கிடைத்த பிறகும் வேலை லேசானதல்ல. காயவைத்து, ஊறவைத்து, கல் பொறுக்கி, மணல் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். திருவையிலிருந்து அறுத்தெடுக்கும் பானைக்கு வாயும் வயிறும் உண்டு, அடி இருக்காது. பாதி காய்ந்தபின் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுகிறார்கள். பிறகு சூளை. அதற்கு வைக்கோல் வேண்டும், வரட்டி வேண்டும். மழைக்காலத்தில் தொழிலே கிடையாது. இத்தனையும் செய்து கொண்டுவரும் சட்டிக்குத்தான் நாம் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறோம். அலுமினியக் கடையில் மட்டும் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறோம்!

மண்சட்டிச் சோறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று சிலர் எழுதுவதை நான் நம்பவில்லை. புளி விட்ட குழம்பு அதில் கெடாமல் ருசியாக இருக்கும், பானையில் தண்ணீர் குளிரும். எனக்கு அது போதும். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஓசை வந்தால் நன்றாக வெந்தது, விரிசல் இல்லை. பளபளப்புக்காக வர்ணம் பூசிய சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம். புதுச் சட்டியை அரிசி கழுவிய தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி, முதலில் கஞ்சி காய்ச்சிப் பழக்குங்கள். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. கழுவுவதற்கு சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிவிடும். சாம்பலும் தேங்காய் நாரும் போதும்.

இந்தக் கோடையில் வண்டலுக்கு மனு கொடுக்க இ-சேவை மையத்துக்குப் போகும் விவசாயிகள், தங்கள் ஊர்க் குயவரையும் கூட அழைத்துப் போகலாம். கரைக்கும் மடைக்கும் தள்ளி எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஆயக்கட்டுக்காரர்களும் அவரும் சேர்ந்து, தண்ணீர் வற்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.