மொட்டைமாடியும் தனிநபர் தரவா?

30 செ.மீ. நுணுக்கத்தில் ஆள் வெறும் புள்ளிதான், முகம் தெரியாது என்கிறார்கள் செயற்கைக்கோள் படம் விற்பவர்கள். முகம் எதற்கு? மாடியில் வற்றல் காயும் வெள்ளை வேட்டியை நாலு நாளாகக் காணோம், வாசலில் காரும் இல்லை என்றால் வீடு பூட்டிக் கிடப்பது புரிந்துவிடுமே!

1986இல் டவ் கெமிக்கல் வழக்கில், ஆலையை விமானத்திலிருந்து அரசு படமெடுத்தது சரியே என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுமக்களுக்குக் கிட்டாத செயற்கைக்கோள் போன்ற கருவி என்றால் வாரண்ட் தேவைப்படலாம் என்றும் சொன்னது. இன்று காசு கொடுத்தால் யாருக்கும் கிட்டுகிறது. அந்தக் காப்பும் போயிற்று.

நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டும் தரவைத்தான் காக்கிறது. கதவிலக்கத்தோடு சேர்த்து விற்கப்படும் என் மாடி அதில் அடங்குமா? மத்திய அரசு தெளிவாகச் சொல்லட்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்