மெட்ராஸ்லேர்ந்தா வர்றீங்க?

போன ஞாயிற்றுக்கிழமை விடியலில் நெட்டுக்குப்பம் போயிருந்தேன். கடலுக்குள் கொஞ்ச தூரம் போய், பாதியில் அறுந்து நிற்கும் பழைய பாலம் ஒன்று அங்கே உண்டு. அதன் தூண்களுக்கு நடுவே சூரியன் எழுவதைப் பிடிக்க, கேமராவும் ஸ்டாண்டுமாகச் சிலர் வந்திருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டார். "மெட்ராஸ்லேர்ந்தா வர்றீங்க சார்?" என்றார். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் உட்கார்ந்திருப்பதும் சென்னையில்தான்.

நெட்டுக்குப்பம் இருக்கும் கத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்த ஊர். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது, திருவொற்றியூரோடு இதையும் சேர்த்துக்கொண்டார்கள். மண்டலக் கணக்கு வடக்கிலிருந்து தொடங்குவதால் இந்தப் பக்கம் முதல் மண்டலம். எண்ணில் முதல் பந்தி. பரிமாறும்போது வேறு கதை.

கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்த இடம் இந்த எண்ணூர் என்று சொன்னால் இன்று சிரிப்பார்கள். சுதந்திரம் வந்த கையோடு ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்த ஆலை வந்தது; அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். 450 மெகாவாட் திறனோடு ஓடி, 2017-ல் நின்றது. நின்றதே என்று மூச்சு விட முடியாது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் 1994-லேயே வந்துவிட்டது. அதற்கு நிலக்கரி இறக்கவென்று கட்டிய துறைமுகம் 2001-லிருந்து இயங்குகிறது.

நகரத்துக்கு வெளிச்சம் போகிறது, சாம்பல் இங்கே தங்குகிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் கொசஸ்தலை ஆற்றில்தான் படியும். இறாலுக்குச் சேறு வேண்டும், சாம்பல் ஆகாது. கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்களுக்கு இது விரல் நுனியில் தெரியும். அறிக்கை எதுவும் வேண்டாம்.

2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் வாளியால் மொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய்; வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்துக்காரர்கள் நள்ளிரவில் அமோனியா நெடியில் எழுந்து ஓடினார்கள். இவ்வளவையும் தாங்கிய இந்தக் கரை நம் மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறதென்று அடையாறிலோ அண்ணா நகரிலோ எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? எனக்கே தோன்றவில்லை.

பாலத்தடியில் வெயில் ஏறியதும் கேமராக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். கரையில் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மடவை வாங்கினேன். வீதி வீதியாகக் கூடை தூக்கி விற்பவர். எண்ணெய் கொட்டிய நாட்களில் எண்ணூர் மீன் என்றாலே ஜனங்கள் ஒதுங்கினார்களே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"எந்த ஊரு மீனுன்னு கேட்டா காசிமேடுன்னுவேன். இப்பவும் அப்டித்தான் சொல்றது" என்றார்.