மாம்பழக்காரரைத் திட்டாதீர்கள்!



ஒரு டஜன் பங்கனப்பள்ளிக் காய்களை வாங்கி, வைக்கோலில் பழுக்க வைக்கிறீர்கள். நான்கைந்து நாளில் மஞ்சள் தோலின்மேல் மிளகளவில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அவை பரவி ஒன்றுசேர, பழமே அழுகிவிடுகிறது. உடனே வீட்டில், "பழைய சரக்கை நம் தலையில் கட்டிவிட்டான்!" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். அது பெரும்பாலும் அநியாயம் என்பது என் கருத்து.

உண்மைக் குற்றவாளி கொல்லெட்டோட்ரைக்கம் என்னும் பூசணம். அது உண்டாக்கும் நோய்க்கு ஆந்த்ரக்னோஸ் என்று பெயர். மாமரம் பூத்துப் பிஞ்சு விடும்போதே பனியும் மழையும் இதன் வித்துகளைப் பிஞ்சின்மேல் சேர்த்துவிடுகின்றன. வித்து முளைத்து, தோலில் ஒட்டி, உள்ளழுத்தத்தைப் பெருக்கித் தோலைத் துளைக்கிறது. நெல்லில் குலைநோய் தரும் பூசணமும் இப்படித்தான் துளைக்கும். அதன் அழுத்தம் 80 வளிமண்டல அளவை எட்டுவதாக 1991-இல் கண்டார்கள். காரின் டயரில் நாம் அடைப்பதோ இரண்டு, இரண்டரைதான்!

நுழைந்த பூசணம் உடனே வளர்வதில்லை. பச்சைக்காயின் தோலிலுள்ள ரெசார்சினால் வகைப் பொருள்கள் அதைத் தடுக்கின்றன. காய் பழுக்கப் பழுக்க அவை குறைகின்றன, பூசணம் விழித்துக்கொள்கிறது. ஆகவே கடைக்காரர் வாங்கியபோதும் அது மாசற்ற காயாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்கும் நட்டம்தான்.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. பறித்த காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தினால், தோலுக்கடியில் உறங்கும் பூசணத்தைப் பெரிதும் அடக்கிவிடலாம். பழச்சதையில் வெப்பம் மெதுவாகவே பரவும். 5 நிமிடத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். இரு மடங்கு ஆழம் செல்ல நான்கு மடங்கு நேரம் வேண்டும். பூசணம் மேலே இருப்பதால் சூடு அதற்குப் படுகிறது, உட்சதை தப்பிக்கிறது. சதைக்குள் நெளியும் பழ ஈயின் புழுவைக் கொல்லவோ, 46 டிகிரி நீரில் ஒரு மணிக்கு மேல் வைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா அழுகலுக்கும் இது மருந்தன்று. பிறகு புதிதாக வந்து ஒட்டும் வித்துகளையும் இது தடுக்காது. சூடு சற்றுக் கூடினால் தோல் வெந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்: மாங்காய் குவியும் சந்தைகளில் பூசணக்கொல்லி மருந்துக்கு முன்னால் ஒரு வெந்நீர்த் தொட்டியும் நல்ல வெப்பமானியும் வரவேண்டும். எரிபொருள் செலவு என்று தயங்குகிறார்கள். குப்பைக்குப் போகும் கூடைகளின் விலையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே மரத்தின் முற்றிய காய்கள் இருபது போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பத்தை மட்டும் 52 டிகிரி நீரில் 5 நிமிடம் வைத்து, ஆற்றி, துடைத்து, இரு கூடைகளாகப் பழுக்கவிடுங்கள். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியையே பயன்படுத்துங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போட்டால் உடைந்துவிடும். நாள்தோறும் புள்ளி விழுந்த பழங்களை எண்ணிக் குறித்து வாருங்கள்.