மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

தொட்டிச் செடி ஒன்று மஞ்சள் பூத்து வாடத் தொடங்கினால், நம்மவர்கள் முதலில் உரம் போதவில்லையோ என்று ஐயுறுவார்கள். பிறகு வெயில் போதவில்லையோ என்று ஜன்னலுக்கு ஜன்னல் இடம் மாற்றுவார்கள். அதற்கும் பிறகு அண்டை வீட்டாரின் கண் பட்டுவிட்டதோ என்ற யோசனைகூட எழுவதுண்டு. செடி நிற்கும் மண்ணின்மீது சந்தேகம் பிறப்பது மிக அபூர்வம். செடியை இலை இலையாகப் பார்த்து வாங்குகிறோம், தொட்டியை வர்ணம் பார்த்து வாங்குகிறோம். மண்ணை மட்டும் நர்சரிக்காரர் எந்த மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறாரோ அதையே வாங்கி வந்துவிடுகிறோம். அம்மூட்டைக்குள் என்னென்ன பொருள்கள் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதை மேலேயே அச்சிட்டுத் தரும்படி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதும், அவ்வுரிமையை நாம் இன்னும் பிரயோகிக்கவில்லை என்பதுமே என் கட்சி.

நிலத்து மண்ணுக்கும் தொட்டி மண்ணுக்கும் உள்ள பேதம் சாமானியமானதன்று. நிலத்தில் பெய்த நீர் மேலும் மேலும் கீழே இறங்கிச் செல்ல வழியுண்டு. தொட்டியிலோ, அடித்துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மண் தன் நுண்ணிய இடைவெளிகளில் பிடித்து வைத்துக்கொள்ளும் நீர் ஒரு மட்டத்துக்குக் கீழ் வெளியேறுவதே இல்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, தட்டையாகக் கையில் ஏந்திச் சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருந்து, பின் அதையே நெடுக்காக நிமிர்த்திப் பிடித்தால், அதுவரை அடங்கியிருந்த நீர் மறுபடியும் சொட்டக் காணலாம். ஆழமற்ற தொட்டியில் ஈரம் அதிகமாகத் தங்குவதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. நீர் வடியட்டும் என்று அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கம் நெடுங்காலத்ததேயாயினும், நுண்மண்ணில் தங்கிய நீர் கல்லிடுக்கில் எளிதில் இறங்குவதில்லையாதலால், ஈர மட்டத்தைக் கல்லின் உயரத்துக்கு மேலே தூக்கி வைப்பதே அதன் பலன். நீர் அடைத்த இடைவெளியில் காற்றில்லை. காற்றில்லாத இடத்தில் வேர் பிராணவாயு இன்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. நீர் எட்டாத இலை வாடும். வாடிய இலையைக் கண்ட வீட்டார் இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள்.

ஆகவே தொட்டி மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது காற்றோட்டம். சத்தைப் பிற்பாடு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தால் ஈடுசெய்துவிடலாம். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமபாகமாகக் கலக்கும் பழைய முறை, மொட்டை மாடி வெயிலில், சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும் மண் தொட்டியில் நிற்கும் செம்பருத்திக்குக் குறை சொல்லத் தக்கதன்று. அதே கலவையைப் பீங்கான் தொட்டியில் இட்டுக் கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில் வைத்தால் அது காய வாரக்கணக்காகும். போதாக்குறைக்கு, ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் அதன் ஸ்தானத்தை எம்-சாண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள கல் தூளைக் கழுவி நீக்காவிட்டால், இடைவெளியை உண்டாக்கச் சேர்த்த பொருளே இடைவெளியை அடைத்துவிடும்.

இந்நிலையில் நமக்குக் கைகொடுக்க வந்தது, கோகோபீட் என்று கேட்டால்தான் கடையில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள். நார் ஆலைகளின் புறத்தே குவிந்து, அப்புறப்படுத்த வழியின்றிக் கிடந்த கழிவு, ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் பீட் என்னும் கரிமண்ணுக்கு மாற்றாக, இன்று பொள்ளாச்சியிலிருந்து கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது; 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். ஆனால் அதற்குத் தோஷங்களும் உண்டு. தென்னை உப்பைச் சுபாவமாகவே சேமிக்கும் மரம். உப்பு நீரில் ஊறிய மட்டையானால் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டு வியாபாரி சரக்கின் மின்கடத்துதிறன் என்ன என்றுதான் விசாரிப்பார். உப்பு மிகுந்தால் அந்த எண் உயரும், எண் உயர்ந்தால் விலை இறங்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துச் சோடியத்தைப் பெயர்த்தெடுத்த சரக்கு அதற்கும் மேலான தரம். அதே ஊர்ச் சரக்கை உள்ளூரில் வாங்கும் நாமோ எடையை மட்டும் கேட்கிறோம். தவிரவும், மக்காத நார்த்தூளில் தழைச்சத்து ஒரு பங்கானால் கரிமம் 100 பங்குக்கு மேல் இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாமே முதலில் உண்டுவிடும். யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு அதை மக்க வைக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போதித்து வருகிறது.

விகிதத்தை வெளியிட்டால் தொழில் ரகசியம் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். லண்டனை அடுத்த மெர்ட்டனில் இயங்கிய ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், 1930-களில், சீனப் பிரிமுலா நாற்றுகள் மடிவது கண்டு காரணம் தேடப் புகுந்த வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும், செடிக்கு ஒரு ரகசியக் கலவை என்றிருந்த அந்நாட்டுத் தோட்டக்காரர் மரபை விட்டு, வண்டல் கலந்த மண் 7 பங்கு, பீட் 3 பங்கு, மணல் 2 பங்கு என்ற ஒரே அடிப்படைக் கலவை பலவகைச் செடிகளுக்கும் போதும் என்று காட்டினார்கள். அந்தச் சூத்திரம் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. அதனால் அந்நாட்டில் மண் வியாபாரம் க்ஷீணித்துவிடவில்லை. நம் நாட்டிலும் மண்புழு உரத்துக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ஈரப்பதம் முதலியவற்றுக்கு வரையறை உண்டு. அதையே ஒரு பங்காகச் சேர்த்து விற்கும் கலவையின் மேல் நாலு வரி அச்சிடுவது பெரிய சிரமமாகாது.

அதுவரை, பொருள்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கலப்பதே உசிதம். நார்த்தூளை மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரே கரிக்கும் பகுதிகளில் கடைசிக் கழுவலுக்கு மழைநீர் நல்லது. மணி பிளாண்டுக்கு நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட்டோ பொடித்த செங்கல் ஜல்லியோ ஒரு பங்கு போதும். ஸ்நேக் பிளாண்டுக்கு அந்த ஜல்லியே சரிபாதி இருக்கலாம். மேற்பரப்பு காய்ந்து தோன்றினும் நார்த்தூள் உள்ளே ஈரமாக இருக்குமாதலால், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தே நீர் ஊற்ற வேண்டும். மரத்தைப் பற்றி வளரும் ஆர்க்கிடுக்கோ மண்ணே வேண்டியதில்லை. கரித்துண்டும், ஓட்டுச் சில்லும், தேங்காய் மட்டைத் துண்டும் போதும். அதற்கும் ‘ஆர்க்கிட் மண்’ என்று ஒரு மூட்டையைக் கடைக்காரர் நீட்டுவாராயின், பிரித்துக் காட்டச் சொன்ன பிறகே பணப்பையைத் திறப்பது நலம்.