சைக்கிள் ஃபோர்க்குக்கு மட்டும் 2 லட்சம் ரூபாயா? வித்தியாசமான சஸ்பென்ஷன் அந்த விலைக்குத் தகுமா?

2018 அக்டோபரில் அமெரிக்காவின் ‘டிரஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ நிறுவனம் ‘மெசேஜ்’ என்ற மவுன்டன் பைக் ஃபோர்க்கை அறிமுகப்படுத்தியது. விலை 2,700 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய். முழு சைக்கிளுக்கு இல்லைங்க, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு மட்டும்!

வடிவமைத்தவர் டேவ் வீகிள். பின்பக்க சஸ்பென்ஷனில் புகழ்பெற்ற ‘டிடபிள்யூ-லிங்க்’ இவருடைய கண்டுபிடிப்புதான். இருந்தும் அடுத்த ஆண்டே ஃபோர்க்கின் விலை 1,975 டாலராகக் குறைந்தது. 2020-ல் நிறுவனமே செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது.

அப்போ ஐடியா தப்பா, இல்லை விலை தப்பா? வரிசையாகப் பார்ப்போம்.

வழக்கமான ஃபோர்க்கில் என்ன குறை?

இப்போதைய மவுன்டன் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கிப் போய் வரும். எளிமையானது, எடையும் குறைவு.

ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, முன் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் சாய்ந்து ஃபோர்க் அமுங்கும். அப்போது ஹேண்டில் கோணம் மாறி வண்டி படபடக்கும். செங்குத்தான இறக்கத்தில், நிதானம் ரொம்ப தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். இரண்டு, பாறையில் மோதும்போது குழாய்கள் லேசாக வளைந்து ஒன்றோடொன்று உரசும். சீராக வழுக்க வேண்டிய ஃபோர்க் அந்த நொடியில் சிக்கிக்கொள்ளும்.

மாற்று வழிகள் என்னென்ன?

*லிங்கேஜ் ஃபோர்க்:* டிரஸ்ட் எடுத்த வழி இது. குழாய்க்குப் பதிலாகச் சிறு கைகளும் மூட்டுகளும் சக்கரத்தை மேலே தூக்கும். சக்கரம் போகும் பாதையை வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம் என்பதால் பிரேக்கில் அமுங்குவதைக் கட்டுப்படுத்த முடியும்.

*தலைகீழ் ஃபோர்க்:* பைக் பிரியர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கேடிஎம் டியூக்கில் இருக்கும் அதே ‘யுஎஸ்டி’. தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே. சீலுக்கு எப்போதும் ஆயில் கிடைப்பதால் வழவழப்பாக வேலை செய்யும்.

*ஒற்றைக்கால் ஃபோர்க்:* கேனன்டேல் நிறுவனத்தின் ‘லெஃப்டி’. பெயருக்கேற்ப இடதுபக்கம் மட்டும் ஒரே கால். உள்ளே ஊசி போன்ற உருளை பேரிங்குகள் இருப்பதால் பாரம் ஏறினாலும் சிக்காமல் நகரும்.

டியூக்கில் சகஜம், சைக்கிளில் மட்டும் ஏன் சிக்கல்?

காரணம் எடை. டியூக் 150 கிலோவுக்கு மேல். அதில் ஃபோர்க்கை முறுக்காமல் இருக்க ஒரு கிலோ கூடுதலாகச் சேர்த்தாலும் யாருக்கும் தெரியாது. மவுன்டன் பைக் 13 - 15 கிலோதான். இங்கே 200 கிராம்கூட பெரிய விஷயம். வழக்கமான ஃபோர்க்கில் இரண்டு கால்களையும் இணைக்கும் வளைவு ஒன்று டயருக்கு மேலே இருக்கும். தலைகீழ் ஃபோர்க்கில் அதற்கு இடமில்லை. அதனால் ஹேண்டிலைத் திருப்பும்போது கால்கள் முறுக்கிக்கொள்ளும்.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 2014-ல் ‘ஆர்எஸ்-1’ என்ற தலைகீழ் ஃபோர்க்கை 1,865 டாலருக்குக் கொண்டுவந்தபோது, முறுக்கைச் சமாளிக்கத் தனி ஹப் தயாரித்தது. விளைவு? ஃபோர்க் வாங்கினால் அதற்கேற்ற ஹப்பும் வாங்கி, முன் வீலையே புதிதாகக் கட்ட வேண்டும். நாளைக்கு ஃபோர்க்கை விற்றால் அந்த வீல் வேறு எதற்கும் பொருந்தாது. இன்று ராக்‌ஷாக்ஸ் பட்டியலில் ஆர்எஸ்-1 இல்லை.

விலை ஏன் இவ்வளவு?

வழக்கமான ஃபோர்க் லட்சக்கணக்கில் தயாராகிறது. அச்சு, ஆராய்ச்சி, சோதனை என எல்லாச் செலவும் அத்தனை பேர் தலையிலும் பங்கு பிரியும். சில ஆயிரம் மட்டுமே விற்கும் ஃபோர்க்கில் அதே செலவு ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் கனமாக விழுகிறது. கார்பன் உடல், நிறைய பேரிங் என்றால் இன்னும் ஏறும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. வித்தியாசமான ஃபோர்க் ஒன்றை உருவாக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் வழக்கமான ஃபோர்க் சும்மா இருப்பதில்லை. குழாய்கள் தடிக்கின்றன, டேம்பர் மேம்படுகிறது. மவுன்டன் பைக்குகளின் வடிவமும் மாறி, முன்பக்கம் சாய்வாகவும் நீளமாகவும் ஆனதில் இறக்கத்தில் வண்டி படபடப்பதே பெரிதும் குறைந்துவிட்டது. 2,700 டாலர் கொடுத்துத் தீர்க்க நினைத்த பிரச்னையில் பாதியை, பைக்கின் சட்டமே தீர்த்துவிட்டது.

அப்போ ஜெயித்தவர்கள் யாருமே இல்லையா?

இருக்காங்க. லெஃப்டி 2000-களின் தொடக்கத்தில் இருந்து பல வடிவங்களில் தொடர்கிறது. காரணம், கேனன்டேல் ஃபோர்க்கைத் தனியாக நம்பியிருக்கவில்லை. தன் சைக்கிளோடு சேர்த்தே விற்றது. பொருத்தமான ஹப்பும் கூடவே வந்துவிடும்.

ஐஸ்லாந்தின் ‘லாஃப்’ வேறு ரூட். சீல், ஆயில், டேம்பர் எதுவும் கிடையாது. கண்ணாடி இழையால் ஆன பட்டை ஸ்பிரிங்குகள் மட்டும்தான். பெரிய பாறைகளுக்கு இது சரிப்படாது. ஆனால் எடை ஒரு கிலோவுக்கும் கீழே, சர்வீஸ் தலைவலியும் இல்லை. ஜல்லிப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு அது போதும்.

2025-ல் ஃபாக்ஸ் நிறுவனம் ‘போடியம்’ என்ற தலைகீழ் ஃபோர்க்கை சுமார் 2,000 டாலருக்குக் கொண்டுவந்திருக்கிறது. தன் வழக்கமான ஃபோர்க்கைவிட எடை அதிகம்தான். ஆனால் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஹப் அளவையே பயன்படுத்துகிறது. ஆர்எஸ்-1 செய்த தவறு இங்கே இல்லை.

சரி, வாங்கலாமா?

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும்.

1. என் பழைய வீல் இதில் பொருந்துமா?
2. சீல், பேரிங் மாற்ற எந்த மெக்கானிக்கிடம் போவது? பாகம் வர எத்தனை வாரம்?
3. ஐந்து வருஷம் கழித்து இந்த நிறுவனம் இருக்குமா?

மூன்றுக்கும் திருப்தியான பதில் இருந்து, கரடுமுரடான இறக்கங்களில் வாரம் தவறாமல் ஓட்டுபவர் என்றால், வித்தியாசத்தை உணர்வீர்கள். காசும் வீண் இல்லை.

மற்றவர்களுக்கு நேரடியான பதில்: வேண்டாம். சுமார் 1,200 டாலரில் கிடைக்கும் டாப் மாடல் வழக்கமான ஃபோர்க்கை உங்கள் எடைக்குச் சரியாக செட் செய்து, நல்ல டயர் போட்டு, நேரத்துக்கு சர்வீஸ் செய்தாலே போதும். காற்றழுத்தம்கூட சரிபார்க்காமல் ஓட்டும் ஃபோர்க், 2 லட்சத்துக்கு வாங்கினாலும் 20 ஆயிரத்துக்கு வாங்கியது போலத்தான் ஓடும்.

டிரஸ்ட் ஃபோர்க்கை வாங்கியவர்கள் மோசமான பொருளை வாங்கவில்லை. தயாரித்த நிறுவனம் நிலைக்கும் என்று நம்பி வாங்கினார்கள். 2,700 டாலரில் அந்த நம்பிக்கையின் விலையும் சேர்ந்திருந்தது. அதற்கு மட்டும் வாரன்ட்டி கிடையாது.