கரையும் கட்டுமரமும்

சங்க இலக்கிய நெய்தல் பெரும்பாலும் கரையில் நின்று பாடப்பட்டது. தலைவி மணல்மேட்டில் இருந்து இரங்குவாள். கடல் அவள் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் வெளியிட்ட 'ஆழி சூழ் உலகு' புதினமோ வாசகரைக் கடலுக்குள்ளேயே கொண்டு செல்கிறது. நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மூவரின் நிலையும், ஆமந்துறை என்னும் மீனவச் சிற்றூரின் அரை நூற்றாண்டு வாழ்வும் அதில் மாறி மாறி வருகின்றன.

தாமிரபரணிப் பாசனத்து வயல்களைக் கண்டு வளர்ந்த வாசகர் முதற்பக்கங்களில் திகைப்பார். கடல் நீரோட்டம் அங்கே 'நீவாடு'. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர். இவ்வழக்கு படிப்பவரைத் தடுக்கிறது என்பாருமுளர். அக்குறை பொருந்தாது. காற்றின் பெயரையும் நீரின் போக்கையும் அறியாதவன் கரைசேர இயலாது. எனவே அச்சொற்கள் நடைக்குச் சேர்த்த அணிகள் அல்ல, துடுப்பும் பாயும் போன்ற தொழிற்கருவிகள். சற்றுப் பொறுத்துப் படிப்பவருக்கு அவை தாமே விளங்கிவிடும். தம் மக்களின் துணிவோடு அவர்தம் பகையையும் ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருப்பது நூலின் நேர்மைக்குச் சான்று.

அவருடைய 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தூத்துக்குடியின் தோணித் தொழிலையும் துறைமுக வணிகத்தையும் விரித்துரைக்கும் பெருநூல் அது. ஆனால் மாந்தர் கூட்டம் மிகுதி. ஒருவர் பெயர் மனத்தில் பதியுமுன் தலைமுறையே மாறிவிடுகிறது! பரப்பில் 'கொற்கை' பெரிதாயினும், கரையில் காத்திருப்போரின் அச்சத்தைப் படிப்பவர் நெஞ்சிலும் ஏற்றிவிடுவது ஆமந்துறையின் கதையே.