எஸ்பிஎம் ஆண்டில் பாட்டு வகுப்பை நிறுத்தலாமா?

நான்காம் படிவம் முடியும்போது பல வீடுகளில் ஒரே முடிவு எடுக்கப்படுகிறது: "அடுத்த வருடம் எஸ்பிஎம். பாட்டு வகுப்பு போதும்." வீணை மூலைக்குப் போகும், மிருதங்கம் உறைக்குள் போகும். தேர்வு முடிந்ததும் தொடரலாம் என்பார்கள். தொடர்பவர்கள் சிலரே.

இது அந்த மாணவரை மட்டும் பாதிக்கும் முடிவா? சமூக இசைப்பள்ளியில் கற்பவரைப் பொறுத்தவரை, இல்லை.

பங்சாரை அடுத்துள்ள பிரிக்பீல்ட்ஸில் 'டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய கலை நிலையம் அது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், தபேலா ஆகியவற்றோடு நடனமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. நான்கு தசாப்தங்களுக்கு மேலாக இளையோர் அங்கே கலை பயின்று வருகிறார்கள்.

இத்தகைய பள்ளியில் ஆசிரியர் மட்டுமே பாடம் சொல்வதில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடும் எட்டு வயதுப் பிள்ளை மூன்றாம் காலத்தில் தடுமாறுகிறது. பக்கத்தில் இருக்கும் அக்காவின் கையைப் பார்த்து, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அக்காவுக்கு 16 வயது இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வயதினரே விலகினால் ஏணியின் நடுப்படிகள் கழன்றுவிடும்.

நடுப்படிகளின் பலத்துக்கு வெனிசுவேலா நல்ல சான்று. அங்கே ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் 'எல் சிஸ்டெமா' என்ற இசைக்கல்வி இயக்கத்தைத் தொடங்கினார். முன்பே கற்ற பிள்ளை, புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லித்தருவது அதன் வழக்கம். அதில் வளர்ந்த குஸ்தாவோ துடாமெல் 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநரானார். எல்லாரும் துடாமெல் ஆக வேண்டியதில்லை. ஆனால், அவருக்கும் சொல்லித்தர யாரோ தொடர்ந்து இருந்திருக்கிறார்கள்.

நேரமில்லை என்பது பொய்யல்ல. பள்ளி, டியூஷன், புறப்பாட நடவடிக்கை எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அதற்காக முழுதாக நிறுத்த வேண்டாம்; குறைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் இருபது நிமிடச் சாதகம் போதும். தேர்வு நெருங்கும் மாதங்களில் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து மட்டும் விடுப்பு கேளுங்கள். ஆசிரியர்களும் அதை மனக்குறையின்றித் தர வேண்டும். பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: ஒரே வரிசையை மூன்று காலத்திலும் பிசகாமல் பாடப் பழகிய பிள்ளைக்கு, ஒரே கணக்கைப் பொறுமையாக மறுபடி போட்டுப் பார்ப்பது புதிதல்ல.

ஏற்கெனவே விலகிய பல்கலைக்கழக மாணவர்களுக்கும் வழி அடைபடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தூரமில்லை. வர்ணம் மறந்துபோயிருந்தால் கீதத்திலிருந்து தொடங்குங்கள்; அதுவும் மறந்திருந்தால் சரளி வரிசைப் பிள்ளைகளோடு உட்காருங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் சிறுவன் தாளத்துக்கு உங்கள் கையைத்தான் பார்ப்பான்.